ஆணியா, எடையா: ஆடிய ஒரு கொய்யாக்கட்டைப் பம்பரம்

கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி, அரிவாளாலும் உளியாலும் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியில் ஆணி அறைந்த பம்பரம் அது. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு அவன் தாத்தா செய்து கொடுத்தது. சாட்டை சுற்றி விட்டால் சுற்றுகிறது, ஆனால் நிலைத்து நிற்பதில்லை. தலை நடுங்குகிறது. சிமெண்டுத் தரையில் ஆணி கரகரவென்று அரைக்கிறது. கால் நிமிடத்தில் சாய்ந்துவிடுகிறது. அபீட் எடுத்து உள்ளங்கையில் ஏந்தினால் ஆணி தோலைக் குடைகிறது.

"ஏனுங்க மாமா, ஒரு பக்கம் எடை ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க. அரத்துல ராவிக்கூடப் பாத்துட்டேன், அப்படியேதான் ஆடுது" என்று சொல்லி, பம்பரத்தை என்னிடம் கொடுத்தான்.

வீட்டில் பம்பரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பம்பரம் ஆடியதும் 'எடை சரியில்லை' என்று முடிவு கட்டி, கனமாகத் தோன்றும் பக்கத்தைச் சுரண்ட ஆரம்பிக்கிறார்கள். நான் கோயம்புத்தூரில் பம்ப்செட் இம்பெல்லர்களை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரங்களை) பேலன்ஸ் செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவன். அந்த வேலையில் சேர்ந்ததும் முதலில் சொல்லிக் கொடுப்பது, அச்சு நேராக ஓடுகிறதா என்று பார்க்காமல் எடையில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான். பம்பரத்துக்கும் இதே விதி அப்படியே பொருந்துகிறது. இந்தப் பம்பரத்தில் அதை எண்களோடு பார்க்க முடிந்ததால், செய்ததையெல்லாம் விரிவாகவே எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

மொத்த எடை 46 கிராம். வயிற்றுப் பகுதியின் விட்டம் 50 மி.மீ. கட்டையின் உயரம் 58 மி.மீ. ஆணி வெளியே 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. ஆணியின் தடிமன் 4 மி.மீ. வயிற்றில் ஒரு பக்கம், கட்டைவிரல் அகலத்துக்குப் பையன் அரத்தால் ராவிய தட்டையான இடம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் தாத்தாவின் உளி விட்ட சிறு சிறு பட்டைகள். அவை எனக்குப் பிடித்திருந்தன. லேத்தில் போட்டு ஒரு மி.மீ. கடைந்தால் உருண்டையாகிவிடும், ஆனால் அந்தக் கைவேலை போய்விடும். பையனும் "மேல இருக்கறத எடுத்துராதீங்க மாமா, தாத்தா பாத்தா வருத்தப்படுவார்" என்றான். ஆகவே, வெளி உருவத்தைத் தொடாமல் சரிசெய்வது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

ஆட்டம் எந்த வகை?

பம்பரத்தின் ஆட்டத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வகை உண்டு. கண்ணுக்கு இரண்டும் கலந்து தெரிவதால்தான் குழப்பமெல்லாம். ஒன்று, சாய்ந்து விழுந்த பம்பரம் சாய்ந்தபடியே தலையால் மெதுவாக வட்டம் போடுவது. இது கோளாறே இல்லை. புவியீர்ப்பு அதைக் கவிழ்க்கப் பார்க்கிறது, சுழற்சி அந்த இழுப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. எவ்வளவு நன்றாகச் செய்த பம்பரத்திலும் இது இருக்கும். இந்த அளவுள்ள பம்பரம் வேகமாகச் சுற்றும்போது நொடிக்கு ஒன்றிரண்டு வட்டம் போடும், வேகம் குறையக் குறைய வட்டம் விரைவாகும். மற்றது, பம்பரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு முறை குலுங்குவது. தலை மங்கலாகத் தெரிவதும், தரையில் கரகரப்பதும், கையைக் குடைவதும் இதனால்தான். பேலன்ஸ் செய்து தீர்க்க வேண்டியது இந்த இரண்டாவது ஆட்டத்தை மட்டும்.

எது எது என்று பிரிக்க இப்போது கைபேசியே போதும். பல கைபேசிகளில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கிறது. பம்பரத்தின் தலையில் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டு, மேலிருந்து நேராகப் படம் எடுக்க வேண்டும். சாட்டையிலிருந்து கழன்றதும் இந்தப் பம்பரம் நிமிடத்துக்கு 2400 சுற்று அளவில் ஓடியது. அதாவது நொடிக்கு 40 சுற்று, ஒரு சுற்றுக்கு 6 படம். வேகம் குறைந்ததும் ஒரு சுற்றுக்கு இன்னும் அதிகப் படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு படமாக நகர்த்தி, தலை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒதுங்கும் திசை வெள்ளைப் புள்ளியோடு சேர்ந்தே சுற்றினால் கோளாறு பம்பரத்துக்குள் இருக்கிறது. புள்ளி பல முறை சுற்றி வரும்போது சாய்வு மட்டும் தன் போக்கில் மெதுவாக நகர்ந்தால், அது முதலில் சொன்ன இயல்பான வட்டம்.

இந்தப் பம்பரத்தில் ஒதுங்கும் திசை புள்ளியோடு ஒட்டியே சுற்றியது. கோளாறு உள்ளேதான் என்பது உறுதியாயிற்று. ஆனால் அது ஆணியில் இருக்கிறதா, எடையில் இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. ஆணி நுனி நடுவை விட்டு விலகியிருந்தாலும் சுற்றுக்கு ஒரு குலுங்கல், மரத்தில் ஒரு பக்கம் கனத்திருந்தாலும் சுற்றுக்கு ஒரு குலுங்கல். பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. பையனுக்கு யோசனை சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அரத்தை எடுப்பதற்கு முன் அளந்திருக்க வேண்டும்.

அச்சை அளந்த விதம்

கையால் செதுக்கிய கட்டைக்கு நடு எது என்பதே கேள்வி. பம்பரத்தின் தலையை ஒரு மரத்துண்டில் ஒட்டினேன். இடையில் செய்தித்தாள் ஒன்றை வைத்து, இரண்டு பக்கமும் ஃபெவிகால் தடவினேன். கடைசல்காரர்கள் நெடுங்காலமாகச் செய்யும் வேலை இது. முடிந்ததும் உளியை வைத்து லேசாகத் தட்டினால் காகிதம் பிளந்து, மரம் சேதமில்லாமல் பிரிந்துவிடும். மரத்துண்டை லேத்தின் நாலு தாடை சக்கில் (பிடிப்பானில்) பிடித்து, வயிற்றுப் பகுதியில் டயல் கேஜ் (இம்மியளவு விலகலையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்து, தாடைகளை மாற்றி மாற்றி இறுக்கி நடுவுக்குக் கொண்டுவந்தேன். உளிப் பட்டைகளால் முள் துள்ளிக்கொண்டேதான் இருந்தது. துள்ளலின் சராசரி எல்லாப் பக்கமும் ஒன்றாக வரும்வரை நகர்த்தினேன். வயிற்றின் வட்டம் அதிகபட்சம் 0.6 மி.மீ. கோணலாக இருந்தது. கைவேலைக்கு இது அருமையான கணக்கு. அந்தத் தாத்தாவின் கண்ணுக்கு என் வணக்கம்.

அப்புறம் டயல் கேஜை ஆணி நுனிக்குக் கொண்டுபோனேன். ஒரு முழுச் சுற்றில் முள் 1.6 மி.மீ. போய் வந்தது. அதாவது நுனி நடுவிலிருந்து 0.8 மி.மீ. விலகி நின்றது. ஆணி மரத்துக்குள் நுழையும் இடத்தில் முள் போய் வந்தது 0.3 மி.மீ. மட்டும், அதாவது விலகல் 0.15 மி.மீ. துளை ஏறக்குறைய நடுவில்தான் இருக்கிறது, ஆனால் ஆணி சாய்ந்து இறங்கியிருக்கிறது. 12 மி.மீ. நீளத்தில் 0.65 மி.மீ. விலகல் என்றால் சாய்வு மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேல். சுத்தியலால் அறையும்போது ஆணி மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு போகும். இந்தக் கிளையில் ரேகை நேராக இல்லை.

டயல் கேஜ் இல்லாதவர்கள் ஒரு பென்சிலை அசையாமல் கட்டி, ஆணி நுனிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கட்டையைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். பென்சிலுக்கும் ஆணிக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடிக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 0.3 மி.மீ. விலகல் வரைக்கும் இதில் நன்றாகத் தெரியும்.

0.8 மி.மீ. என்ன செய்யும்?

முக்கால் மி.மீ. சின்ன அளவு என்று தோன்றும். அது ஏன் ஒரு பம்பரத்தைக் கால் நிமிடத்தில் கொன்றுவிடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வேகமாகச் சுற்றும் எந்தப் பொருளும், கட்டுப்படுத்த ஆள் இல்லாவிட்டால், தன் எடை சமமாகப் பரவிய அச்சைச் சுற்றித்தான் ஓடும். நாம் அடித்த ஆணி எங்கே இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஆணி நுனி அந்த அச்சில் இருந்தால் ஒரே புள்ளியில் நின்று சுழலும். 0.8 மி.மீ. தள்ளி இருந்தால், சுற்றுக்கு ஒரு முறை 0.8 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். கரகர சத்தம் அதுதான், கையைக் குடைவதும் அதுதான்.

சுழற்சியைத் தின்னும் பிடிப்பு, உராய்வு விசையையும் அது செயல்படும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. நன்றாக நடுவில் அமைந்து, மழுங்கிய நுனியுள்ள ஆணி தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. உராய்வின் ஆரம் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டாது. அது 0.8 ஆகும்போது தரை உறிஞ்சும் வேகம் ஐந்து ஆறு மடங்கு கூடிவிடுகிறது. இந்தப் பம்பரத்தின் எடைப் பரவலையும், எஃகு சிமெண்டில் தேய்வதன் உராய்வையும் வைத்துக் கணக்குப் போட்டால், 0.8 மி.மீ. விலகலில் அது சுமார் 15 நொடிதான் தாங்கும் என்று வருகிறது. நின்ற நேரமும் கிட்டத்தட்ட அதேதான். எடைக் கோளாறு எதுவுமே இல்லாவிட்டாலும் இந்த ஆணி ஒன்றே பம்பரத்தைச் சாய்க்கப் போதுமானது.

ஆணியை மாற்றியது

குறடால் பழைய ஆணியைப் பிடுங்கினேன். அதே துளையில் வேறு ஆணியை நேராக அடிக்க முடியாது, பழைய பாதையையே பிடித்துக்கொண்டு போகும். ஆகவே, லேத்தில் இருந்தபடியே டெயில் ஸ்டாக்கிலிருந்து (சக்குக்கு எதிர்முனையில் உள்ள நகரும் தாங்கியிலிருந்து) 8 மி.மீ. டிரில் பிட்டை உள்ளே விட்டேன். 8 மி.மீ. எடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய துளை 33 மி.மீ. ஆழத்தில் நடுவிலிருந்து ஒன்றரை மி.மீ.க்கு மேல் விலகியிருக்கும், அதை முழுதாக விழுங்கும் அளவுக்குப் புதுத் துளை பெரிதாக இருக்க வேண்டும். 6 மி.மீ. போட்டிருந்தால் பழைய துளையின் ஒரு விளிம்பு மிஞ்சி, அடுத்த டிரில் பிட்டை அந்தப் பக்கம் இழுத்திருக்கும்.

8 மி.மீ. துளையில் கொய்யா மரத்திலேயே கடைந்த முளை ஒன்றை ஒட்டி இறக்கினேன். முளையின் ரேகையும் கட்டையின் ரேகையும் ஒரே திசையில் இருந்தால்தான் ஈரத்துக்கு இரண்டும் ஒன்றாக விரிந்து சுருங்கும். ஒரு ராத்திரி காய விட்டுவிட்டு, முளையின் நடுவில் முதலில் சென்டர் டிரில், அப்புறம் 3.8 மி.மீ. துளை.

கடையில் விற்கும் கம்பி ஆணி நேராக இருக்காது, வட்டமாகவும் இருக்காது. அதற்குப் பதில் உடைந்துபோன 4 மி.மீ. டிரில் பிட்டின் காம்பை எடுத்துக்கொண்டேன். சரியான வட்டம், நல்ல எஃகு, எல்லாப் பட்டறையிலும் சும்மா கிடக்கும் பொருள். நீளம் 32 மி.மீ. அதைச் சுத்தியலால் அடிக்காமல், டெயில் ஸ்டாக்கைக் கொண்டே நேராக அழுத்தி இறக்கினேன். வெளியே 9 மி.மீ. மட்டும் விட்டேன். ஆணி குட்டையாக இருந்தால் எடை மையம் தரைக்கு நெருக்கமாகும், பம்பரம் வேகம் குறைந்த பிறகும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

நுனியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்கர் வைக்கிற விளையாட்டுக்குப் பையன்கள் நுனியை ஊசி போலத் தீட்டிக்கொள்வார்கள், எதிராளி பம்பரத்தில் குழி விழ வேண்டும் என்பதற்காக. நிற்க வேண்டிய பம்பரத்துக்கு அது ஆகாது. ஊசி நுனி தரையில் குழி பறித்து அதிலேயே மாட்டிக்கொள்ளும். நுனி சற்று உருண்டையாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. பம்பரம் சாய்ந்திருக்கும்போது உருண்டை நுனியின் ஓரம் தரையில் தேய்கிறது, அந்தத் தேய்ப்பே பம்பரத்தை மெல்ல நிமிர்த்துகிறது. சாய்ந்து விழுந்த பம்பரம் சில நொடியில் தானாக எழுந்து நிற்பது இப்படித்தான். உராய்வின் இதே வேலைதான், தலைகீழாகப் புரண்டு காம்பின் மேல் நின்று சுழலும் விளையாட்டுப் பம்பரத்தையும் புரட்டுகிறது. 1951-இல் சுவீடனின் லுண்ட் நகரில் நீல்ஸ் போரும் வோல்ஃப்காங் பவுலியும் அப்படியொரு பம்பரத்தைக் குனிந்து நின்று பார்க்கும் புகைப்படம் பலருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு நோபல் அறிஞர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ஆணியின் நுனியை அரைக்கோளமாகத் தீட்டி, 400, 1000 எண் எமரித் தாள்களில் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

மறுபடியும் டயல் கேஜ். நுனியில் முழுச் சுற்றுக்கு 0.08 மி.மீ. பழைய அளவில் இருபதில் ஒரு பங்கு.

எடையை இன்னும் தொடவில்லை. அந்த நிலையிலேயே பம்பரத்தைப் பிரித்தெடுத்து, பையனையே சாட்டை சுற்றி விடச் சொன்னேன். கால் நிமிடம் நின்றது அரை நிமிடத்தைத் தாண்டி நின்றது. கரகரப்பு போய்விட்டது. தலையில் மட்டும் மெல்லிய நடுக்கம் மிச்சம். இந்த நடுக்கத்தைத்தான் எடைக் கோளாறு என்று சொல்லலாம். இதைச் சரிசெய்வதற்குத்தான் பேலன்ஸ்.

அப்புறம் எடை

கனமான பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பம்பரத்தைப் படுக்க வைத்து உருட்ட வேண்டும். உருள்வதற்கு இரண்டு முனையிலும் ஒரே தடிமனில் கம்பி வேண்டும், இல்லாவிட்டால் வளைந்து ஓடும். புது ஆணியை லேத்தின் டிரில் சக்கில் பிடித்து, தலையின் நடுவில் 4 மி.மீ.க்கு மேலோட்டமான துளை போட்டு, அதே டிரில் பிட் வகைக் கம்பியைத் தற்காலிகமாகச் செருகினேன். பட்டை தீட்டிய இரண்டு லேத் டூல் துண்டுகளைத் தண்டவாளம் போல இணையாக வைத்து, ரசமட்டம் போட்டுச் சமப்படுத்தி, அவற்றின் மேல் பம்பரத்தைக் குறுக்கே கிடத்தினேன். சாணைக் கற்களை இன்றும் பல பட்டறைகளில் இப்படித்தான் சமன் செய்கிறார்கள். பம்பரம் மெதுவாக உருண்டு, ஒரே பக்கம் கீழே வந்து நின்றது. எப்படித் திருப்பி வைத்தாலும் அதே பக்கம்.

கனமான பக்கத்துக்கு நேர் எதிரில், வயிற்றில், கொஞ்சம் மெழுகை ஒட்டினேன். உருண்டால் இன்னும் கொஞ்சம், எதிர்த்திசையில் உருண்டால் கொஞ்சம் கிள்ளி எடுப்பது. எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை. அந்த மெழுகை எடுத்து நகைத் தராசில் வைத்தால் 0.35 கிராம். அது ஒட்டியிருந்த ஆரம் 24 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 8.4. அதை மொத்த எடையான 46-ஆல் வகுத்தால், எடை மையம் அச்சிலிருந்து 0.18 மி.மீ. விலகியிருக்கிறது என்று கிடைக்கிறது. ஆணி விலகியிருந்த 0.8 மி.மீ.யோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரே குற்றம் சொன்ன எடை, உண்மையில் கோளாறில் சிறு பங்குதான்.

அதிலும் ஒரு பகுதி பையனின் அரத்தால் வந்தது. மெழுகு கேட்ட இடமும் அவன் ராவிய தட்டையான இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவன் எடுத்த மரம் தோராயமாக 0.14 கிராம் இருக்கும். கணக்குப் பார்த்தால் மொத்தக் கோளாறில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ராவலால் வந்தது. அவன் இலேசான பக்கத்தையே மேலும் இலேசாக்கியிருக்கிறான்.

அது எப்படி நடந்தது என்று கேட்டேன். பம்பரம் சுற்றும்போது சாக்பீஸை மெதுவாக வயிற்றோரம் கொண்டுபோய், கோடு விழுந்த பக்கத்தை ராவினானாம். கோடு விழும் பக்கம்தானே வெளியே தள்ளுகிறது, அதுதானே கனம் என்பது அவன் கணக்கு. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் தாங்குகட்டையில் பிடித்து மெதுவாகச் சுற்றும் உருளைக்குத்தான் அது சரி. அதில் கனமான பக்கம் வெளியே இழுக்கும், கோடு அங்கே விழும். பம்பரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை. வேகமாக ஓடும்போது அது தன் எடை மையத்தைச் சுற்றி ஓடுகிறது. எடை மையம் கனமான பக்கத்துக்கு நகர்ந்திருப்பதால், அங்கிருந்து அதிக தூரத்தில் இருப்பது எதிர்ப்பக்கம். ஆகவே கோடு விழுவது இலேசான பக்கத்தில். பெரிய சுழலிகளிலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் கோடு இப்படி எதிர்ப்பக்கம் புரளும், பேலன்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். சாக்பீஸ் முறையை வைத்துப் பம்பரம் சரிசெய்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எத்தனையோ நல்ல கட்டைகள் தப்பிக்கும்.

பித்தளை முளை, அதன் உயரம்

கனமான பக்கத்தில் மரத்தை எடுக்கலாம். ஆனால் 0.35 கிராம் கொய்யா மரம் என்றால் பெரிய குழியாகிவிடும். இலேசான பக்கத்தில் எடை சேர்ப்பதே நல்லது. பலர் ஈயம் ஊற்றுவார்கள். கையில் வைத்து விளையாடி, அதே கையால் சாப்பிடும் பிள்ளைகளின் பொருளில் ஈயம் வேண்டவே வேண்டாம். 4 மி.மீ. பித்தளைக் கம்பியே போதும். பித்தளை வைக்கும் துளையிலிருந்து மரம் போய்விடும் என்பதையும் கழித்துக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 4 மி.மீ. நீளத் துண்டு கேட்கிறது. அரால்டைட் தடவி இறக்கி, மேலே மரத்தூள் பூசி மூடினால் கண்ணுக்கே தெரியாது.

எந்தப் பக்கம் என்பதைப் போலவே எந்த உயரம் என்பதும் முக்கியம். தண்டவாளத்தில் உருட்டும் முறை பக்கத்தை மட்டும்தான் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. பித்தளையைத் தலைக்குப் பக்கத்தில் வைத்தாலும், ஆணிக்குப் பக்கத்தில் வைத்தாலும் தண்டவாளத்தில் பம்பரம் சமனாகவே நிற்கும். சுற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும். எடை மையத்தின் மட்டத்தை விட்டு மேலேயோ கீழேயோ வைத்த எடை, பம்பரத்தின் இயல்பான அச்சையே சாய்த்துவிடும்.

தட்டையான வட்டுப் பம்பரத்தில் இந்தச் சாய்வு மிகக் குறைவு. வட்டு தன் அச்சை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பம்பரம் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட சமமான உருவம். அப்படிப்பட்ட உருவத்துக்கு எந்த அச்சைச் சுற்றினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் சின்ன எடையும் அச்சைப் பெரிதாகத் திருப்பிவிடும். இந்தப் பம்பரத்தில் அந்தப் பித்தளைத் துண்டை எடை மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி வைத்தால் அச்சு ஒரு டிகிரியாவது சாயும். ஆணி நுனியில் அது முக்கால் மி.மீ. அளவுக்கு விலகலாக வந்து நிற்கும். அதாவது ஆணியை மாற்றிச் சம்பாதித்தது அத்தனையும் போய், பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். பேலன்ஸ் செய்த பிறகு முன்னைவிட மோசமாக ஆடுகிறது என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

எடை மையத்தின் உயரத்தைக் காண்பது சுலபம். பம்பரத்தைப் படுக்க வைத்து, அடியில் ஆக்சா பிளேடின் முதுகைக் குறுக்காகக் கொடுத்து, தலைப்பக்கமும் ஆணிப்பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடினால் போதும். தலையில் செருகிய தற்காலிகக் கம்பியை எடுத்துவிட்டு, அந்தத் துளையைக் கொய்யா முளையால் அடைத்த பிறகே இதைப் பார்க்க வேண்டும். இந்தப் பம்பரத்துக்கு அந்த இடம் வயிற்றின் அகன்ற கோட்டிலிருந்து 5 மி.மீ. கீழே வந்தது. பித்தளை அங்கே போயிற்று.

தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையையும் சிலர் சொல்வார்கள். கனமான பக்கம் தாழும் என்பது சரிதான். ஆனால் பூச்சு இல்லாத மரம் தண்ணீர் குடித்து, அளக்கும்போதே எடை மாறும். இந்தக் கட்டைக்கு அதை நான் யோசிக்கவில்லை.

மரம்

கிளை மரத்தில் ஒரு பக்கம் கனப்பது இயல்பு. சாய்வாக வளரும் கிளை தன் பாரத்தைத் தாங்க மேல்பக்கத்தில் வேறு மாதிரி மரம் போட்டுக்கொள்கிறது, நடுத்தண்டும் மையத்தில் இருக்காது. இரண்டு பக்கத்துக்கும் அடர்த்தியில் நூற்றுக்கு நான்கு பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், ராவலைக் கழித்த மிச்சக் கோளாறு அத்தனைக்கும் கணக்கு ஒத்துவரும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் பொம்மை கடைகிறவர்கள் வெட்பாலை மரத்தை விரும்புவதற்கு அதன் சீரான, நெருங்கிய ரேகை ஒரு காரணம். கொய்யா கனமானது, உறுதியானது, ஆக்கர் தாங்கும். ஆனால் கிளையாக எடுத்தால் இந்த விலை உண்டு.

ஈரமும் ஒரு சங்கதி. பூச்சில்லாத மரம் மழைக்காலத்தில் ஈரம் வாங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக வாங்காது. ரேகையின் வெட்டு முகம் வெளியே தெரியும் தலையிலும் அடியிலும்தான் அதிகம் ஏறும். லேத்தில் ஆணியைப் பிடித்துச் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்தினேன். உராய்ந்த சூட்டில் அரக்கு உருகி உளிப் பட்டைகளின் மேல் படிந்தது. மேல் முகடுகளில் மெல்லிசாகவும் பள்ளங்களில் தடிப்பாகவும் நின்றதால், தாத்தாவின் செதுக்கல் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. அரக்குக்கும் எடை உண்டு என்பதால் பூச்சுக்குப் பிறகு மறுபடியும் சமன் பார்த்தேன், தலையில் மறுபடி கம்பி செருகி. உருளவில்லை.

கடைசி நிலவரம்

தண்டவாளத்தில் இந்த முறையில் 0.02 மி.மீ. விலகல் வரைக்கும் பிடிபடும், அதற்குக் கீழே பிடிபடாது. இம்பெல்லர் வேலையில் இருந்த பழக்கத்தில் தரக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 2000 சுற்றில் பழைய 0.18 மி.மீ. விலகல், சுழலும் பொருள்களின் சமனுக்கான சர்வதேசத் தரவரிசையில் (எண் குறையக் குறைய சமன் நேர்த்தி) கார் சக்கரங்களுக்கு உரிய ஜி 40 வகுப்பை ஒட்டி வருகிறது. 0.02 மி.மீ. என்றால் ஜி 6.3-க்குள். பம்பு இம்பெல்லர்களுக்கும் மின்விசிறிகளுக்கும் கேட்கும் வகுப்பு அது. கையால் செதுக்கிய கொய்யாக்கட்டை அந்த வரிசையில் நிற்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பம்பரம் இப்போது முக்கால் நிமிடம் நிற்கிறது, பையனின் கை நன்றாக விழுந்த நேரத்தில் அதற்கும் மேல். உள்ளங்கையில் ஏந்தினால் பூ மாதிரி இருக்கிறது. மெதுவோட்டப் படத்தில் தலை இன்னும் இம்மியளவு ஒதுங்கத்தான் செய்கிறது. மரத்தின் கனம் எந்த உயரத்தில் கூடுதலாக இருக்கிறது என்று தெரியாமல், பித்தளையை மையத்தில் வைத்ததால் வந்த மிச்சம் அது. அதையும் எடுக்க வேண்டுமானால் தலையிலும் அடியிலும் தனித்தனியாக எடை வைத்துப் பார்க்க வேண்டும். விளையாடுகிற பம்பரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. நாலு ஆக்கர் வாங்கினால் அந்தச் சமன் போய்விடும்.

அதே கிளையில் இன்னொரு துண்டு தாத்தாவிடம் நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதில் வேலையின் வரிசையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். செதுக்குவதற்கு முன்பே துண்டை என்னிடம் கொடுத்தால், அடியிலிருந்து 3.8 மி.மீ. துளையை நேராகப் போட்டு, நீளமான கம்பி ஒன்றைச் செருகித் தருவேன். கம்பியை இரண்டு கவட்டைகளில் கிடத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்து, கம்பிக்கு ஏற்றபடி கட்டையைச் செதுக்க வேண்டும். "அப்படின்னா கண்ணு, தாத்தாவுக்கு ராவற வேலையும் மிச்சம்" என்று பையனிடம் சொன்னேன். துண்டை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.